கடைசி வரிசையைப் பாருங்கள்!

*முப்பது, நாற்பது, ஐம்பது வயதில் தற்காப்புக் கலை கற்க ஆசையா? எந்தக் கலை, எந்த வகுப்பு, எந்த ஆசான்? சேருவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை.*

மாலை ஆறரை மணி. மாநகராட்சித் திடலின் ஒரு மூலையில் வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் வரிசைகட்டி நிற்கிறார்கள். "இச்... நி... சான்..." என்று மாஸ்டர் எண்ண எண்ண, அத்தனை முஷ்டிகளும் ஒரே நேரத்தில் முன்னால் பாய்கின்றன. கம்பி வேலிக்கு வெளியே, சிமென்ட் பெஞ்சுகளில் அம்மாக்கள், அப்பாக்கள், ஒன்றிரண்டு தாத்தாக்கள். மடியில் புத்தகப் பை, கையில் தண்ணீர் பாட்டில். அலுவலக அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட மறந்துவிட்ட ஓர் அப்பா, மகளின் கால் நகர்வையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மடியில் கிடந்த அவருடைய வலது கை மெல்ல இறுகி முஷ்டியாகிறது. வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலையும் நேரத்தில், தயங்கித் தயங்கி மாஸ்டரிடம் போகிறார்.

"மாஸ்டர், என் வயசுக்கு இதெல்லாம் சரிப்படுமா?"

"தாராளமா வாங்க சார். நாளைக்கே வந்துடுங்க!"

தமிழ்நாட்டில் ஏதோ ஒரு திடலில் தினமும் நடக்கும் உரையாடல் இது. மாஸ்டரின் பதில் நல்ல மனதோடு வருவதுதான். ஆனால், மறுநாள் அந்த அப்பா எங்கே நிற்பார்? பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பின்னால், கடைசி வரிசையில். அவருக்குத் தனியாகச் சொல்லித்தர அங்கே ஆள் இருக்கிறதா? முழங்கால் வலித்தால் மாற்றுப் பயிற்சி கொடுப்பார்களா? மூன்றாம் வாரம் வராமல் நின்றுவிட்டால், யாராவது போன் செய்து விசாரிப்பார்களா?

கற்க வருகிற பெரியவர்கள் பெரும்பாலும் கேட்பது வேறு கேள்வி: "எது பெஸ்ட், கராத்தேயா, பாக்ஸிங்கா, சிலம்பமா?" அந்தக் கேள்விக்கு யூடியூபில் ஆயிரம் பதில்கள் உண்டு. வயது வந்த ஒரு புதியவர் ஒரு வருடம் கழித்தும் அந்தத் திடலில் இருப்பாரா, வீட்டில் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருப்பாரா என்பதைத் தீர்மானிப்பது, கடைசி வரிசையை அந்த வகுப்பு எப்படி நடத்துகிறது என்பதுதான்.

திரையிலிருந்து திடலுக்கு

1971-இல் 'ரிக்‌ஷாக்காரன்' படத்தில் எம்.ஜி.ஆர். கம்பு சுழற்றியபோது கைதட்டிய தலைமுறை, 1973-இல் புரூஸ் லீயின் 'என்டர் தி டிராகன்' வெளிவந்த பிறகு கராத்தே பக்கம் திரும்பியது. எண்பதுகள், தொண்ணூறுகளில் கராத்தே வகுப்பு இல்லாத ஊரே இல்லை என்ற நிலை வந்தது. 2011-இல் 'ஏழாம் அறிவு', 2016-இல் 'இறுதிச்சுற்று', 2021-இல் 'சார்பட்டா பரம்பரை' என்று ஒவ்வொரு படமும் ஒரு கலையைப் பேசுபொருளாக்கியது.

சிலம்பத்துக்குக் கிடைத்த மரியாதை அரசு வழியாகவும் வந்தது. அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத இடஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்க்கப்பட்டது. 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவையில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில், சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. இன்னொரு பக்கம், பெருநகர ஜிம்களில் கிக் பாக்ஸிங், முய் தாய், பிரேசிலியன் ஜியு-ஜிட்சு என்று புதிய பலகைகள் தொங்குகின்றன.

வாய்ப்புகள் பெருகிவிட்டன. ஆனால் வகுப்புகளின் அமைப்பு பெரும்பாலும் பிள்ளைகளை மனதில் வைத்தே இருக்கிறது. கோடை விடுமுறை கேம்ப், மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட் டெஸ்ட், மாவட்டப் போட்டி, பள்ளியில் காட்டச் சான்றிதழ். நாற்பது வயதில் வருகிறவருக்கு இவற்றில் எதுவும் முக்கியமில்லை. அவருடைய தேவைகள் வேறு. அவருடைய உடம்பும் வேறு.

முதலில், எதற்காக?

பெரியவர்கள் இந்தப் பக்கம் வருவதற்குக் காரணங்கள் நான்கு. சர்க்கரை, எடை, முதுகுவலி என்று டாக்டர் எச்சரித்த பிறகு, டிரெட்மில் அலுத்துப்போய் வருகிறவர்கள் ஒரு வகை. இரவு நேர வேலை, தனியாகப் பயணம் என்று பாதுகாப்பை நினைத்து வருகிறவர்கள் இரண்டாம் வகை. சிறு வயதில் வசதியோ அனுமதியோ இல்லாமல் தவறவிட்டதை இப்போது பிடிக்க வருகிறவர்கள் மூன்றாம் வகை. இவர்களில் பெண்கள் நிறைய. எங்கள் ஊர்க் கலை என்கிற பற்றோடு சிலம்பத்தையோ வர்மத்தையோ தேடி வருகிறவர்கள் நான்காம் வகை.

உங்கள் காரணம் எது என்று ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும். உடல்நலம்தான் காரணம் என்றால், வாரத்துக்கு இரண்டு நாள் தவறாமல் போகக்கூடிய தூரத்தில் இருக்கும் வகுப்பே முதல் தகுதி பெறுகிறது. வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசை வலுப்படுத்தும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். ஒரு மணி நேர வகுப்பு வாரத்துக்கு இரண்டு, மற்ற நாட்களில் விறுவிறுப்பான நடை என்றால் அந்த அளவை எட்டிவிடலாம். நகரத்தின் மறுகோடியில் இருக்கும் புகழ்பெற்ற மாஸ்டரைவிட, இருபது நிமிடத்தில் போய்விடக்கூடிய நல்ல மாஸ்டர் உங்கள் உடம்புக்கு அதிகம் செய்வார்.

எந்தக் கலை, உடம்பிடம் என்ன கேட்கும்?

சிலம்பம்: வயது வந்த புதியவருக்கு நம் மண்ணிலேயே இருக்கும் அருமையான வாய்ப்பு. தேவை ஒரு கம்பும் கொஞ்சம் திறந்தவெளியும். கம்பின் உயரம் பொதுவாக நெற்றி மட்டத்துக்கு. நல்ல ஆசான் முதல் சில வாரங்கள் கம்பைவிடக் காலடியில்தான் அதிகம் கவனம் வைப்பார். காலடி நேரானால் கம்பு தானே வசப்படும். தூக்கி எறிவதோ விழுவதோ இல்லாததால் மூட்டுகளுக்கு அதிர்ச்சி குறைவு. சுமை முழுவதும் மணிக்கட்டிலும் தோளிலும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள்பட்டை இறுகிப்போகும் பிரச்சினை மற்றவர்களைவிட அதிகம் வருவதால், கை தூக்க வலிக்கிறவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கம்பைத் தொடுவது நல்லது. இருவர் மோதும் பயிற்சியில் தலைக்கவசம் போடுகிறார்களா என்பதையும் கவனியுங்கள்.

கராத்தே: சின்ன ஊரிலும் கிடைப்பது இதன் பெரிய பலம். ஷோட்டோகான், கோஜு-ரியூ, ஷிட்டோ-ரியூ, வாடோ-ரியூ என்று பல பாணிகள் உண்டு. புதியவருக்குப் பாணி வேறுபாட்டைவிட, மோதல் எந்த அளவு என்பதே முக்கியம். கியோகுஷின் போன்ற பாணிகளில் முழு பலத்தோடு அடி விழும். மற்ற பலவற்றில் தொட்டும் தொடாமலும் நிறுத்துவார்கள். 'கத்தா' எனப்படும் தனிநபர் வரிசைப் பயிற்சியை அறுபது, எழுபது வயது வரை செய்துகொண்டே போகலாம்.

டேக்வாண்டோ: கால் வீச்சு இதன் உயிர். தலை உயரத்துக்கு உதைக்க இடுப்பும் பின்தொடையும் இளக வேண்டும். வருடக்கணக்கில் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு அது மெதுவாகத்தான் வரும். முதல் மாதமே காலை இழுத்துப் பிரித்து 'ஸ்பிளிட்' போட வைக்கும் மாஸ்டரிடமிருந்து விலகியிருங்கள். இடுப்பு உயர உதையோடு பொறுமையாகத் தொடங்கினால், உடல் சமநிலைக்கு இதைப்போல் நல்ல பயிற்சி குறைவு.

குத்துச்சண்டை, முய் தாய்: சீக்கிரம் பலன் தெரியும் கலைகள். ஸ்கிப்பிங், பை குத்துதல், மாஸ்டர் பிடிக்கும் பேடில் அடித்தல் என்று மூன்று மாதத்தில் மூச்சும் கால் வேகமும் மாறிவிடும். வடசென்னையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று பரம்பரைகளாக வளர்ந்த வரலாறும் இதற்கு இருக்கிறது. முய் தாயில் முஷ்டி, முழங்கை, முழங்கால், உதை என்று எட்டு ஆயுதங்கள். இங்கே ஒரே நிபந்தனை தலை. பெரியவர்கள் பை, பேடு, நிழல் குத்துப் பயிற்சியோடு நின்றாலே போதுமான பலன் உண்டு. மோதிப் பார்க்க விருப்பம் இருந்தால் மட்டும், முறையான கவசத்தோடு, மெதுவாக. 'ஸ்பாரிங் செய்யாவிட்டால் பாக்ஸரே இல்லை' என்று உசுப்பேற்றும் இடம் உங்களுக்கு வேண்டாம்.

ஜூடோ, ஜியு-ஜிட்சு: பிடி, எறி, மடக்கு. அடி, உதை இல்லாததால் மென்மையானவை என்று நினைத்துவிட வேண்டாம். முழங்கால், தோள், விரல்களுக்கு வேலை அதிகம். ஜூடோவில் முதல் பாடமே விழக் கற்பதுதான். எதிர்பாராத காயங்களால் நேரும் மரணங்களுக்கு உலக அளவில் இரண்டாவது பெரிய காரணம் கீழே விழுவது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தலையைக் காத்து, கையால் தரையைத் தட்டி உருண்டு விழக் கற்பது வாழ்நாள் முழுவதும் உதவும் திறமை. சரியான மெத்தை விரிப்பு கட்டாயம். சிமென்ட் தரையில் கயிற்றுப்பாய் விரித்து எறிப் பயிற்சி தரும் இடத்தில் ஒரு நாள்கூட நிற்காதீர்கள்.

களரி, வர்மம்: கேரளத்தின் வடகரையில் களரி கற்பிக்கும் மீனாட்சி அம்மாவுக்கு 2017-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது அவர் எழுபதைக் கடந்தவர். வயது தடையில்லை என்பதற்கு அவரைக் காட்டுவார்கள். அவர் ஏழு வயதில் தொடங்கியவர் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். களரியின் தாழ்ந்த நிலைகளும் தாவல்களும் பெரியவர்களிடம் பல மாத மெய்ப்பயிற்சியைக் கேட்கும். கன்னியாகுமரி வட்டாரத்தின் வர்மக்கலை வைத்தியத்தோடு பின்னிப் பிணைந்தது. 'ஒரே மாதத்தில் வர்மம்' என்ற விளம்பரங்களை நம்ப வேண்டாம்.

---

பெட்டிச் செய்தி 1: இடைக்கச்சையின் கதை

ஜிகோரோ கானோ ஜப்பானில் 1882-இல் கோடோகான் பள்ளியைத் தொடங்கி ஜூடோவை உருவாக்கினார். 'டான்' என்ற தகுதிப் படிகளை அவர்தான் முதலில் தற்காப்புக் கலைக்குள் கொண்டுவந்தார். கருப்பு பெல்ட்டும் அங்கிருந்தே வந்தது. ஓகினாவாவிலிருந்து கராத்தேயை ஜப்பானின் பிரதான நிலத்துக்கு 1922-இல் கொண்டுசென்ற கிச்சின் ஃபுனாகோஷியும் அதே முறையைப் பின்பற்றினார்.

* ஜூடோ 1964-இல் ஒலிம்பிக்கில் நுழைந்தது. பெண்கள் பதக்கப் போட்டி 1992-இல்தான் வந்தது.
* டேக்வாண்டோ 2000 சிட்னி முதல் பதக்க விளையாட்டு.
* பெண்கள் குத்துச்சண்டை 2012 லண்டனில் அறிமுகமானது.
* கராத்தே டோக்கியோவில் மட்டும் இடம்பெற்றது. 2024 பாரிஸில் இல்லை.
* கெய்கோ ஃபுகுடா ஜூடோவில் சேர்ந்தது 21 வயதில். பெண்களுக்கு ஐந்தாம் டானுக்கு மேல் இல்லை என்ற விதியால் பல்லாண்டுகள் அதே படியில் நிறுத்தப்பட்டார். 2011-இல், 98 வயதில், அமெரிக்காவில் பத்தாம் டான் பெற்றார்.

---

புதியவருக்குத்தான் ஆபத்து அதிகம்

கடைசி வரிசையை ஏன் பார்க்க வேண்டும் என்பதற்கு ஜப்பானிலிருந்து ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. ஜூடோவின் தாயகம் அது. நகோயா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரியோ உச்சிடா என்ற ஆய்வாளர், பள்ளி விபத்துப் பதிவுகளைத் தோண்டிப் பார்த்தார். 1983 தொடங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் 110-க்கும் மேற்பட்ட மாணவர்கள் பள்ளி ஜூடோவில் உயிரிழந்திருந்தார்கள். பலருக்குத் தலையில் அடிபட்டு மூளைக்குள் ரத்தக்கசிவு. அவர்களில் கணிசமானோர் பள்ளியில் சேர்ந்த முதலாம் ஆண்டுக்காரர்கள். விழுவதற்கே இன்னும் சரியாகப் பழகாதவர்கள். 2012-இல் ஜப்பானின் நடுநிலைப் பள்ளிகளில் தற்காப்புக் கலை கட்டாயப் பாடமானபோது இந்த எண்ணிக்கை பெரும் விவாதமானது. அதன்பின் தலையைக் காக்கும் பயிற்சியில் கவனம் கூடியது.

இதன் பொருள் ஜூடோ ஆபத்தானது என்பதல்ல. நூற்றாண்டு மரபுள்ள இடத்திலும் புதியவரைக் கவனிக்கத் தவறினால் உயிரே போகும் என்பதுதான். நம் ஊரில் இந்த விபத்துகளுக்குப் பதிவேடு வைப்பவர்கள் அரிது. அதனால் கவனிக்கும் பொறுப்பு கற்க வருகிறவர் மீதே விழுகிறது.

ஒரு வகுப்பில் சேருமுன் முழு வகுப்பையும் உட்கார்ந்து பாருங்கள். பார்க்க அனுமதி இல்லை என்றால் அதுவே பதில். அனுமதித்தால், முன்வரிசையில் பறந்து உதைக்கும் சாம்பியனை விட்டுவிட்டு, பின்னால் நிற்பவரைக் கவனியுங்கள். எடை அதிகமானவர், வயதானவர், நேற்று சேர்ந்தவர். மாஸ்டர் அவரிடம் ஒரு முறையாவது நேரில் போய் நிற்கிறாரா? செய்ய முடியாத அசைவுக்கு வேறு வழி சொல்லித்தருகிறாரா? மூச்சு வாங்கும்போது தண்ணீர் குடிக்க விடுகிறாரா? நம் ஊர் ஏப்ரல், மே வெயிலில், தடித்த சீருடையோடு ஒரு மணி நேரம் பயிற்சி செய்பவருக்குத் தண்ணீர் மறுப்பதை ஒழுக்கப் பயிற்சி என்று ஏற்றுக்கொள்ள முடியாது.

ஜோடி சேர்ப்பதையும் பாருங்கள். புதியவரை யாரோடு நிறுத்துகிறார்கள்? பக்குவப்பட்ட மூத்த மாணவரோடு நிறுத்தினால் அது நல்ல இடம். அவர் எதிராளியின் பலத்துக்கு ஏற்பத் தன் பலத்தைக் குறைத்துக்கொள்வார். வேகம் அடங்காத இளைஞரோடு நிறுத்தி, "அடி வாங்கினாத்தான் கத்துக்க முடியும்" என்று சொல்லும் இடத்தில் உங்கள் பல்லும் விலாவும்தான் செலவாகும்.

கடைசியாக, வகுப்பில் உங்கள் வயதை ஒட்டியவர்கள் எத்தனை பேர், எவ்வளவு காலமாக வருகிறார்கள் என்று கேளுங்கள். இரண்டு மூன்று வருடமாக வரும் நாற்பது வயதுக்காரர்கள் சிலர் இருந்தால், அந்த மாஸ்டருக்குப் பெரியவர்களை வைத்துக்கொள்ளத் தெரிந்திருக்கிறது.

---

பெட்டிச் செய்தி 2: முதல் நாள் கேட்க வேண்டியவை

* பெரியவர்களுக்கெனத் தனி நேரமோ தனி வரிசையோ உண்டா?
* ஒரு வாரம் வந்து பார்த்துவிட்டுச் சேரலாமா?
* மாதக் கட்டணம் தவிர, சேர்க்கை, சீருடை, பெல்ட் டெஸ்ட், சங்க உறுப்பினர் கட்டணம், போட்டிக் கட்டணம் எவ்வளவு?
* பெல்ட் டெஸ்ட்டும் போட்டியும் கட்டாயமா?
* மோதல் பயிற்சி எப்போது தொடங்கும்? வேண்டாம் என்றால் விட்டுவிடலாமா?
* முதலுதவிப் பெட்டி, ஐஸ் பை இருக்கிறதா? அருகில் எந்த மருத்துவமனை?
* மெத்தை விரிப்பை எத்தனை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்கிறார்கள்? (படர்தாமரை பிடிப் பயிற்சி வகுப்புகளில் எளிதில் பரவும்.)
* மாஸ்டர் யாரிடம் கற்றார்? இப்போதும் கற்கிறாரா?

---

பெல்ட்டும் பணமும்

பிள்ளைகள் வகுப்பில் பெல்ட் ஒரு ஊக்கம். பெரியவர் வகுப்பில் அது ஒரு அளவுகோலாக மட்டும் இருக்க வேண்டும். ஒரு வருடத்தில் கருப்பு பெல்ட் என்று வாக்குக் கொடுக்கும் இடங்களை எப்படி எடைபோடுவது? ஒப்பிட்டுப் பாருங்கள். பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவின் பெரிய சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படி, நீல பெல்ட்டில் குறைந்தது இரண்டு வருடம், ஊதாவில் ஒன்றரை வருடம், பழுப்பில் ஒரு வருடம் இருந்தாக வேண்டும். அதற்கு முன் வெள்ளை பெல்ட் காலம் தனி. டேக்வாண்டோவில் முதல் டானிலிருந்து இரண்டாம் டானுக்கே ஒரு வருட இடைவெளி கேட்கிறது, சியோலில் உள்ள அதன் தலைமையகமான குக்கிவோன்.

சங்கங்களின் எண்ணிக்கையும் புதியவரைக் குழப்பும். ஒரே கலைக்கு மாவட்டத்துக்குள் பல சங்கங்கள், ஒவ்வொன்றும் தன்னை 'அங்கீகரிக்கப்பட்டது' என்று சொல்லிக்கொள்ளும். சர்வதேச அளவிலேயே இந்தக் குழப்பம் உண்டு: குத்துச்சண்டையின் பழைய உலக அமைப்புக்குத் தந்த அங்கீகாரத்தைச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2023-இல் விலக்கிக்கொண்டது. போட்டிக்குப் போகவோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை பெறவோ நினைக்கிறவர்களுக்குத்தான் எந்தச் சங்கம் என்பது வாழ்க்கைப் பிரச்சினை. அவர்கள் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட விளையாட்டு அலுவலரை நேரில் பார்த்து விசாரித்துவிட்டுச் சேர்வது நல்லது. உடல்நலத்துக்காகச் சேர்கிறவர்கள் சான்றிதழ்ச் சுவரைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

மூன்று மாதம், ஆறு மாதம், வருடம் என்று மொத்தமாகப் பணம் கேட்டால், முதல் மூன்று மாதம் மாதாமாதம் கட்டுவதாகச் சொல்லுங்கள். இணங்காத இடத்தில் ஏன் அவசரம் என்று யோசியுங்கள். எளிய வருமானக்காரர்களுக்கும் வழி இருக்கிறது. மாவட்ட விளையாட்டு அரங்குகளில் அரசுப் பயிற்சியாளர்களிடம் என்னென்ன கற்கலாம் என்று கேட்டுப் பார்க்கலாம். பல ஊர்களில் சிலம்ப ஆசான்கள் பெயரளவுக்குத்தான் கட்டணம் வாங்குகிறார்கள். அப்படிப்பட்ட ஆசானுக்குத் தாமதிக்காமல் கட்டணம் கொடுப்பதும் மாணவரின் கடமை.

பெண்கள் என்ன கற்க வேண்டும்?

தற்காப்பு என்றதும் இருட்டுச் சந்தும் முன்பின் தெரியாத ஆளும்தான் நினைவுக்கு வரும். உண்மை வேறு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளின்படி, பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர். உறவினர், அண்டை வீட்டார், உடன் வேலை பார்ப்பவர், நண்பர். ஓர் உதை கற்றுக்கொண்டால் தீரும் விஷயமாக இது இல்லை.

தற்காப்புப் பயிற்சி பலன் தருமா என்று கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் 893 மாணவிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. வின்ஸர் பல்கலைக்கழகத்தின் சார்லின் சென் தலைமையிலான அந்த ஆய்வு 2015-இல் வெளியானது. பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி. தெரிந்தவரிடமிருந்தே வரும் ஆபத்தின் அறிகுறிகளை அடையாளம் காண்பது, 'முகம் கோணாமல் இருக்க வேண்டும்' என்ற தயக்கத்தை உடைப்பது, உரத்து மறுப்பது, தேவைப்பட்டால் உடலால் எதிர்ப்பது என்று அதன் பாடங்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்களில் 5.2 சதவீதம் பேர் வன்கொடுமைக்கு ஆளாகியிருந்தார்கள். வழக்கமான விழிப்புணர்வுத் தகவல் ஏடுகளை மட்டும் பெற்றவர்களில் 9.8 சதவீதம்.

ஏறத்தாழப் பாதியாகக் குறைந்த அந்த எண்ணுக்குப் பின்னால் உதையைவிட அதிகம் இருந்தது குரல். 'பெண்களுக்கான தற்காப்பு வகுப்பு' என்ற பலகையைப் பார்த்துச் சேரப் போகும் பெண்கள் இதைத்தான் அங்கே தேட வேண்டும். கையைப் பிடித்தால் விடுவிக்கும் நாலு உத்திகளோடு முடித்துவிடுகிறார்களா, கத்தவும் மறுக்கவும் உதவி கேட்கவும் பழக்குகிறார்களா? பாதிக்கப்பட்டவரையே குறைசொல்லும் பேச்சு அந்த வகுப்பில் வருகிறதா? குற்றத்துக்குப் பொறுப்பு குற்றவாளிதான். இதைத் தெளிவாகச் சொல்லாத வகுப்பு தற்காப்பு வகுப்பே இல்லை.

வகுப்புக்குள் பாதுகாப்பும் அதே அளவு முக்கியம். நிலையைத் திருத்த மாஸ்டர் தொட வேண்டியிருந்தால், கேட்டுவிட்டுத் தொட வேண்டும். வெளியிலிருந்து பார்க்க முடிகிற இடத்தில் வகுப்பு நடக்க வேண்டும். மூத்த மாணவிகளோ பெண் பயிற்சியாளரோ இருந்தால் நல்லது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் விளையாட்டுப் பயிற்சி நிலையங்களையும் பணியிடமாகவே கணக்கில் எடுக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் சிறிய இடம் என்றால், மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவை அணுகலாம்.

---

பெட்டிச் செய்தி 3: சட்டம் என்ன சொல்கிறது?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. தன் உடலையும் பிறர் உடலையும் சொத்தையும் காக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. தேவைக்கு மேல் தீங்கு செய்ய அந்த உரிமை இடம் தராது. ஆபத்து நீங்கிய பிறகு திருப்பி அடித்தால் அது தற்காப்பு ஆகாது. தப்பி ஓட வழி இருந்தால் ஓடுவதே நல்ல பயிற்சி பெற்றவரின் முதல் தேர்வு.

அவசர உதவிக்கு 112. பெண்கள் உதவி எண் 181.

---

மூட்டுக்குத் தெரியும்

முப்பத்தைந்துக்குப் பிறகு உடம்பில் முதலில் மூச்சு பழகும், பிறகு தசை, கடைசியில்தான் தசைநார். பெரியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். இரண்டு மாதத்தில் மூச்சு வாங்குவது நின்றதும், எல்லாம் பழகிவிட்டதாக எண்ணி வேகத்தைக் கூட்டுவார்கள்; குதிகால் நாரும் முழங்கால் நாரும் அப்போது இழுத்துக்கொள்ளும். முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு வகுப்பு போதும். இடையில் ஒரு நாளாவது ஓய்வு இருக்கட்டும்.

புதிய பயிற்சிக்குப் பிறகு ஒன்று முதல் மூன்று நாள் வரை தசை வலிப்பது இயல்பு. மூட்டில் குத்துவது போன்ற வலி, வீக்கம், 'டக்' என்ற சத்தத்தோடு வரும் வலி இயல்பல்ல. நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்றல் வந்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். தலையில் அடிபட்டுக் குழப்பமோ வாந்தியோ வந்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருத்துவர் சொல்லும் வரை மோதல் பயிற்சி கூடாது.

இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், முதுகுத்தண்டு வட்டு விலகல், குடலிறக்கம், எலும்புத் தேய்மானம் உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், அண்மையில் குழந்தை பெற்றவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கிட்டப்பார்வைக் கண்ணாடியின் பவர் மிக அதிகம் என்றால், விழித்திரையைக் காட்டிவிட்டு, தலையில் அடி விழும் கலைகளைத் தவிர்ப்பது நல்லது. இவற்றை மறைக்காமல் மாஸ்டரிடம் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டு பயிற்சியை மாற்றித் தருபவர் நல்ல ஆசான். "இங்க வந்தா எல்லாம் சரியாயிடும்" என்று சொல்பவர் அல்ல.

மாஸ்டர்களுக்கும் ஒரு வார்த்தை

பெரியவர்கள் வந்தால் வகுப்புக்கு என்ன லாபம்? அவர்கள் பொதுத்தேர்வு வந்தால் நிற்க மாட்டார்கள். கோடை முடிந்தால் காணாமல் போக மாட்டார்கள். சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டணம் கட்டுவார்கள். பிடித்துவிட்டால் பத்து வருடம் வருவார்கள். வகுப்பில் நாலு பெரியவர்கள் நின்றால் பிள்ளைகளின் பாதுகாப்பும் கூடும்; மாஸ்டரைத் தவிர வேறு கண்களும் அங்கே இருக்கும். அம்மாவும் மகளும் சேர்ந்து கம்பு சுழற்றும் வீட்டில், பத்தாம் வகுப்பு வந்ததும் மகளின் கம்பைப் பரணில் போடச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

இதற்குத் தேவை பெரிய முதலீடு இல்லை. வாரம் இரண்டு நாள், பிள்ளைகள் வகுப்புக்குப் பிறகு ஒரு மணி நேரம். பெல்ட் டெஸ்ட்டைக் கட்டாயமாக்காத ஒரு பிரிவு. முதல் மாதம் முழுக்கக் காலடியும் விழும் பயிற்சியும். புதியவருக்கென்று ஒதுக்கப்பட்ட ஒரு மூத்த மாணவர். உள்ளாட்சி அமைப்புகள் தங்கள் திடல்களையும் பூங்காக்களையும் இதற்காக மாலையில் திறந்து, விளக்குப் போட்டுக் கொடுத்தால், வேலை முடிந்து ஏழரை மணிக்கு மேல்தான் வர முடிகிற ஆண்களும் பெண்களும் வருவார்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வீட்டுக்கு வீடு இருக்கும் மாநிலத்தில் இது மக்கள் நல்வாழ்வுத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே நடக்க வேண்டிய வேலை.

பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இந்த வாரமே, வீட்டிலிருந்து இருபது நிமிடத் தூரத்துக்குள் மூன்று வகுப்புகளைப் போய்ப் பாருங்கள். கலையின் பெயரையும் கோப்பைகளையும் பிறகு விசாரிக்கலாம். கடைசி வரிசையில் நிற்பவர் எப்படி நடத்தப்படுகிறார் என்று பாருங்கள். நாளை அங்கே நிற்கப்போவது நீங்கள். ஒரு வருடம் கழித்தும் இங்கே வருவேன் என்று எந்த இடத்தில் மனம் சொல்கிறதோ, அங்கே சேருங்கள்.